பதினோரு விரல் உதை

12 ஆகஸ்ட், செவ்வாய்

தோள் இன்று பழுத்த அத்திப்பழ நிறம். நேற்றுவரை கருநீலமாக இருந்தது, இப்போது ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் சோளக்களி அடிப்பிடித்துவிட்டது.

வெலெம்பினி மாமா சொல்லித்தான் இந்த நோட்டு. டெட்டே ஊர் ரயிலடிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர், முன்பு ரயில்வேயில் இருந்தவர். "எத்தனை சுட்ட, எங்க பட்டுச்சு, எங்க வலிச்சுது, எல்லாத்தையும் எழுதி வை. வாயால கேட்டா நீ கதையா சொல்லுவ" என்றார். சரி, எழுதுகிறேன். கதையும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளட்டும்.

இன்று நான் வேலை பார்க்கிற சஃபாரி முகாமின் ரைஃபிள் உதையை அளந்தார். கொட்டகை உத்திரத்திலிருந்து இரண்டு சங்கிலியில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய தேக்கு ஸ்லீப்பர் கட்டை ஒன்று தொங்குகிறது. அதன்மேல் ரைஃபிளை வாரால் இறுக்கிக் கட்டி, குழலை மணல்மேட்டுப் பக்கம் திருப்பி, விசையில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுப்பார். வெடித்ததும் கட்டை ஊஞ்சல் மாதிரி பின்னால் போகும். அடியில் செருகிய பென்சில் காகிதத்தில் ஒரு கோடு இழுக்கும். அந்தக் கோட்டின்மேல் விரலை அடுக்கி எண்ணுவார். அளவுகோல் சுவரிலேயே தொங்குகிறது, அதை அவர் தொடுவதில்லை.

பதினோரு விரல்.

யானையை நிறுத்துகிற துப்பாக்கி பின்னே எப்படி இருக்கும்? என்னைவிடக் கனமான கட்டையையே அவ்வளவு தூரம் தள்ளுகிறது. நான் எம்மாத்திரம்.

அக்டோபர் 24 தேர்வு. பலகையில் வரைந்த யானை முகம் கயிற்றில் ஓடி வரும். ஐந்து தோட்டா. குறைந்தது நான்கு நெற்றியில் விழ வேண்டும். தேறினால் நான் நடைவழிகாட்டி. விருந்தினரைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவேன், என் புருஷன் ஸென்ஸோ எனக்குத் தடம் பார்ப்பார். தேறாவிட்டால் நவம்பரிலிருந்து அவர் இன்னொரு வழிகாட்டியான கோபஸோடு ஆற்று முகாமுக்குப் போய்விடுவார். ஒரு முழுநாள் பயணம், பத்து மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒரே முகாமில் இருந்தது இந்த ஒரு வருஷம்தான். முகாம் மேலாளரம்மாவுக்கு வேண்டியது துப்பாக்கி பிடிக்க ஒருவர், தடம் பார்க்க ஒருவர். அவர்கள் புருஷன் பெண்டாட்டியா என்பது அவர் கவலை இல்லை.

14 ஆகஸ்ட்

சுட்டது 4. பலகையில் பட்டது 1. மற்ற மூன்றும் மண்ணுக்கு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று என் திருட்டுத்தனம் வெளிப்பட்டது.

மாமா சொன்ன பயிற்சி. ஸென்ஸோ எனக்குத் தெரியாமல் ரைஃபிளை நிரப்பித் தருவார். சில முறை வெடிக்கிற தோட்டா, சில முறை வெறும் கூடு. எது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை விசையை அழுத்தினேன். டிக் என்றது, அவ்வளவுதான். ஆனால் குழல் மட்டும் தரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது. உதையே இல்லை, என் தோள் மட்டும் முந்திக்கொண்டு சுருங்கியிருக்கிறது.

ஸென்ஸோ சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கினிக்கோழியெல்லாம் கலைந்தன. "என்ன மாந்த்லோவு, யானை வந்தா வணக்கம் சொல்லுவியா? உங்க குலம்ங்கிறதால மரியாதையா?" என்றார். மாந்த்லோவு என்பது என் பிறந்த வீட்டுப் பெயர், யானைக் குலம். நாங்கள் அதன் கறியைத் தொடமாட்டோம். கோபமில்லாதபோது அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் நோமலங்கா. நானும் அதே கணக்குத்தான். அவர் குலம் வரிக்குதிரை என்பதால் தூபே என்பேன். சண்டையென்றால் ஸென்ஸோ.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று யோசித்தேன். விசைக்கும் உதைக்கும் நடுவில் ஒரு சின்ன வெள்ளை இடம் இருக்கிறது. அங்கே சத்தம் இல்லை, வலி இல்லை, நான்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் அதன் வாசல்வரை போய்விட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். உள்ளே என்னதான் இருக்கும்?

21 ஆகஸ்ட், வியாழன்

மாமா ரைஃபிளின் தோள்கட்டை முனையில் தடித்த ரப்பர் வைத்துத் தந்தார். பஞ்சு மெத்தை என்றார். மெத்தையாவது! கட்டை ஏற்கெனவே எனக்கு நீளம், நெட்டையான யாருக்கோ செய்தது. ரப்பர் சேர்ந்ததும் இன்னும் நீண்டு, கன்னத்தில் அறைந்தது. சுட்டது 3. பட்டது 0. கட்டையைக் குறைத்து வெட்டினால் என்ன என்று கேட்டேன். முகாம் சொத்து, மேலாளரம்மா கையெழுத்தில்லாமல் ரம்பத்தைத் தொடமாட்டாராம்.

வலக்கன்னம் வீங்கி, இடது பக்கமே மென்று சாப்பிட்டேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

தோள்கட்டையைக் குடைந்து ஈயம் ஊற்றினார். ஸ்லீப்பரில் ஏற்றினால் அப்போதும் அதே பதினோரு விரல். ஏமாந்துபோய் நின்றேன். மாமா விளக்கினார். துப்பாக்கி கொடுக்கிற உதை மாறாதாம். கனம் கூடினால் அதே உதை தோளுக்கு மெதுவாக வரும், அவ்வளவுதான். ஓடி வந்து மோதுகிறவனுக்கும் நடந்து வந்து மோதுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்.

நடந்துதான் வந்து மோதினான். ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் நான்கு மணி நேரம் நடந்தால் கை நடுங்குகிறது. கை நடுங்குகிறவளுக்கு வழிகாட்டி வேலை எதற்கு? ஈயத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

கோபஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சொந்தக்காரங்களைச் சுடறதுக்கு இவ்வளவு கஷ்டப்படணுமா?" என்று கேட்டான். கெட்டவன் இல்லை, வாய்க்கொழுப்புதான். அவனுடைய ரைஃபிளின் மூக்கில் துளை போட்ட சின்னக் குழாய் ஒன்று திருகியிருக்கிறது. அதைத் தட்டிக்காட்டி, "இதைப் போடு. அப்புறம் உனக்குத் தூக்கமே வரும்" என்றான்.

2 செப்டம்பர், செவ்வாய்

ஏழரை விரல்! ஏழரை!

துளைக்குழாய் போட்டாகிவிட்டது. முன்னால் போக வேண்டிய காற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது, அது துப்பாக்கியையே முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது என்றார் மாமா. ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். தோள் தொட்டாற்போல் இருந்தது, அவ்வளவே. நான் சிரித்தேன். மணலில் உட்கார்ந்து பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். ஸென்ஸோவும் சிரித்தார்.

சத்தம்தான் பொறுக்க முடியாது. தகர டிரம்முக்குள் இடி விழுந்ததுபோல. எனக்கு மாமா காதடைப்பான் கொடுத்தார். ஸென்ஸோவுக்கும் ஒன்று நீட்டினார், இவர் வாங்கவில்லை. காதை அடைத்த தடம்பார்ப்பவன் மூக்கைக் கட்டிய நாய்க்குச் சமம் என்றார். காட்டில் நிற்கிற அதே இடத்தில்தான் நிற்பாராம். என் வலப்பக்கம், ஒரு கை தூரம், எனக்குத் தோட்டா எடுத்துத் தர வசதியாக. "என் நிழல் பக்கத்துல இருந்தே பழகு. அப்பத்தான் நிஜமா வரும்போது திகைக்க மாட்ட."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

5 செப்டம்பர்

சுட்டது 6. பட்டது 6.

10 செப்டம்பர், புதன்

சாயங்காலம் குளத்தோரம் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். வெயில் தூசியோடு கலந்து எல்லாமே பழுப்புச் சர்க்கரை நிறமாகிவிட்டது. யானைகள் வந்தன. முப்பது, நாற்பது, எண்ணுவதை விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்பு மணலில் சத்தமே இல்லாமல் வருகிறது. குட்டி ஒன்று தன் தும்பிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறியது. எனக்கு அரைத்தூக்கம். இந்தக் குளம் ஒரு கண் என்றும் நாங்களெல்லாம் அது காணும் கனவு என்றும் தோன்றியது. அக்டோபர், தேர்வு, ஆற்று முகாம் எல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற விஷயம்.

ஸென்ஸோ என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வலப்பக்கம்தான். ஏன் என்று கேட்டேன். இந்தப் பக்கம் காற்று வருகிறது என்றார்.

மனசு நிறைந்திருக்கிறது. அதை எழுதிவைக்கக் கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

19 செப்டம்பர், வெள்ளி

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. புருஷன் பெரிய ஆளாகிவிட்டார். அடுப்படியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்த்துக்கொண்டே இருந்தார். புளித்த பாலை ஊற்றிக் களியை அவர் முன்னால் டொக் என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு நான் ஏன் கோபம் என்றே தெரியவில்லை! ரேடியோவையும் ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார்.

பொறாமையோ? ஊரில் பேசுகிறார்களே, பெண்டாட்டி கையில் துப்பாக்கி, புருஷன் கையில் குச்சி என்று. இத்தனை நாள் அதைக் கேட்டுச் சிரித்தவர்தான். இப்போது உறைக்கிறதோ என்னவோ.

சுட்டது 5. பட்டது 5. யாரிடம் சொல்ல?

28 செப்டம்பர், ஞாயிறு

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பயிற்சி நடை. விருந்தினர் இரண்டு பேர், கடைசியில் கோபஸ், முன்னால் நான், எனக்கு வலப்பக்கத்தில் ஸென்ஸோ. காட்டுக்குள் நாங்கள் பேசுவதில்லை. எல்லாம் கைதான். விரல் நீட்டினால் தடம், உள்ளங்கை விரித்தால் மெதுவாக, முஷ்டி உயர்ந்தால் நில். அந்த முஷ்டி உயரும்வரை பயமில்லை. அதுதான் எனக்கு வேதம்.

தேக்குப் புதர் அடர்ந்த இடம். இடப்பக்கம் ஒரு சுள்ளி ஒடிந்தது. நன்றாகக் கேட்டது. முஷ்டிக்காகப் பார்த்தேன். உயரவில்லை. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும், மான் ஏதாவது இருக்கும் என்று நானும் நடந்தேன். மூன்று அடி! கேட்ட பிறகும் மூன்று அடி நடந்திருக்கிறேன். அப்புறம் பட்டை உரிகிற சத்தம். அவர் தடத்தோடு இடப்பக்கம் திரும்பி நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்.

பாய்ந்து இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தேன். இலை விலகியது. பதினைந்து அடியில் தாய் யானை, காலுக்கிடையில் குட்டி. காதை விரித்து நின்றது. ரைஃபிள் எப்போது தோளுக்கு வந்தது என்று தெரியாது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. அதன் இமைமயிர் எவ்வளவு நீளம். வைக்கோல் நிறம். அதையெல்லாமா பார்ப்பாள் ஒருத்தி அந்த நேரத்தில்? எவ்வளவு நேரமோ தெரியவில்லை. அது தலையை ஒரு தரம் உலுக்கிவிட்டுக் குட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. யாரும் சுடவில்லை.

கோபஸ் வந்து கத்தினான். "தூங்கிக்கிட்டே நடக்கறியா? காது எங்க போச்சு உனக்கு?" ஸென்ஸோ கோபஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை அல்ல, வாயை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

29 செப்டம்பர், திங்கள்

காலையில் அவர் தடி சீவிக்கொண்டிருந்தார். இடப்பக்கமாகப் பின்னால் போய் நின்று, "தூபே, உங்க மேல பாம்பு ஏறுது" என்றேன். சீவிக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் வந்து அதையே சொன்னேன். துள்ளி எழுந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீ அஞ்சையும் தட்டுக்குள்ள போட்டியே, அன்னிக்குத்தான். முதல்ல வண்டு கத்தற மாதிரி இருந்துச்சு. போயிடும்னு நெனச்சேன்."

"அப்புறமும் ஏன் பக்கத்துலயே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சிரிச்சுக்கிட்டிருந்த நோமலங்கா. இத்தனை நாள் கழிச்சு சிரிக்கிற. அதை எப்படி நிறுத்துன்னு சொல்றது?"

நான் அழுதேன். அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன். அறிவிருக்கா, காது என்ன கடையிலா விக்குது, நான் கேட்டேனா உங்ககிட்ட, கேட்டேனா? அவர் வலக்காதை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

எங்கள் ஊமைப் பேச்சு, எங்கள் கைச் சைகை. ஒரு மாதமாக ஒரு காது இல்லாத மனிதரோடு காட்டில் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் நான் கோபித்துக்கொண்டிருந்தேன்.

1 அக்டோபர், புதன்

ஆஸ்பத்திரி. காதுக்குள் மணி போல் ஏதேதோ ஒலிக்கவைத்துப் பார்த்தார்கள். இடக்காதில் கனத்த ஓசை மட்டும் கொஞ்சம் கேட்கிறது. மெல்லியவை போய்விட்டன. குருவி, சுள்ளி, கிசுகிசுப்பு. பெண்களின் குரலும் பாதி போய்விட்டதாம். திரும்பி வராது. வலக்காது நன்றாக இருக்கிறது, காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ்.

பஸ்ஸில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மொபானி மரங்கள் செம்பு இலையை விட்டுக்கொண்டிருந்தன.

3 அக்டோபர், வெள்ளி

துளைக்குழாயைக் கழற்றச் சொன்னேன். மாமாவிடம் காரணத்தைச் சொன்னதும் திருப்புளியை வைத்துவிட்டு வெளியே போனார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "நாலு விரல் குறைச்சேன்னு பெருமையா இருந்தேன்மா. அது எங்க போச்சுன்னு நான் அளக்கலையே" என்றார்.

நான் மட்டும் அளந்தேனா? மூன்றரை விரல்தான் மாமா என்றேன். இருவரும் சிரிக்கப் பார்த்தோம், வரவில்லை.

தேர்வுக்கு இருபத்தோரு நாள். தேர்வு முடியும்வரையாவது குழாய் இருக்கட்டும், ஸென்ஸோவை எட்ட நிறுத்து என்றார். குழாயோடு தேறி, குழாயில்லாமல் காட்டுக்குப் போய், அங்கே தோள் சுருங்கினால்? அப்போது செத்துப்போவது பலகை இல்லை. வேண்டாம் என்றேன்.

"அப்ப கட்டையை வெட்டுவோம்" என்றார் மாமா. கையெழுத்து? "கையெழுத்து கிடக்குது." இரண்டு விரல் அகலம் அறுத்துப் போட்டார். அந்த வட்டத்துண்டு மரத்தூளோடு விழுந்தது. முகாம் சொத்து.

ஸ்லீப்பரில் ஏற்றினோம். பதினோரு விரல், குறையவே இல்லை. ஆனால் தோளில் வைத்தபோது முதல் முறையாக அது எனக்குச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

9 அக்டோபர், வியாழன்

இனி மேஜையில் சாய்ந்து சுடுவதில்லை. உட்கார்ந்து சுடும்போது உடம்பு போக இடமில்லாமல் முழு உதையும் எலும்புக்கே வருகிறது. நின்று சுட்டால் அது தள்ளுகிற பக்கம் நானும் கொஞ்சம் போய்விடலாம்.

ஸென்ஸோ ரைஃபிளை நிரப்பித் தருகிறார். பிறகு எனக்குப் பின்பக்கமாக நூறு அடி தள்ளி நடந்து போகிறார். காதடைப்பான், அதன்மேல் கம்பளி. பல்வலிக்காரி மாதிரி. அங்கிருந்து கையைத் தூக்குவார், நான் சுடுவேன். மறுபடி நூறு அடி நடந்து வருவார். ஒரு தோட்டாவுக்கு இத்தனை நடை. அந்த இடைவேளையில் நான் நின்றுகொண்டே கனவு காண்கிறேன். மணலில் அவர் வருகிற தடம், போகிற தடம். காற்று இரண்டையும் மெல்ல மூடுகிறது.

சுட்டது 6. இரண்டு வெறும் கூடு. இரண்டிலும் குழல் கும்பிட்டது.

15 அக்டோபர்

சுட்டது 5. பட்டது 3. தோள் மறுபடி அத்திப்பழம்.

18 அக்டோபர், சனி

இன்று வெள்ளை இடத்துக்குள் போனேன்.

ஒரே ஒரு முறைதான். மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தினேன், கண்ணை மூடவில்லை. உள்ளே ஒன்றுமில்லை. பலகையும் அதன் நெற்றியும் மட்டும் ரொம்பத் தெளிவாக, கழுவிவைத்த மாதிரி. பிறகுதான் உதை வந்தது. எங்கோ பக்கத்து அறைக் கதவை யாரோ சாத்தியதுபோல.

இத்தனை நாள் ஒன்றுமில்லாததற்கா பயந்தேன்?

மறுமுறை முயன்றேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அது நினைத்தபோதெல்லாம் திறக்காது போலிருக்கிறது.

24 அக்டோபர், வெள்ளி

நான்கு.

முதல் இரண்டும் நெற்றி. மூன்றாவதில் தோள் முந்திக்கொண்டது, தும்பிக்கையில் போய்ப் பட்டது. தேர்வாளர் ஏதோ எழுதினார், நான் பார்க்கவில்லை. நான்காவது நெற்றி. ஐந்தாவதற்குப் பலகை கிட்டத்தில் திடீரென்று ஓடி வந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த இமைமயிர் மட்டும் ஞாபகம் வந்தது. அழுத்தினேன்.

ஸென்ஸோ வெளிக்கதவுக்கு அப்பால் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். நான்கு விரலைக் காட்டினேன். கம்பளியோடு எழுந்து வந்து என்னைத் தூக்கிவிட்டார், எல்லார் முன்னாலும். நான் வெட்கப்படவில்லை.

28 அக்டோபர், செவ்வாய்

அவரே போய் மேலாளரம்மாவிடம் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாமல்தான். ஒரு காது இல்லாதவனை முன்னால் விட்டு விருந்தினர் உயிரோடு விளையாட முடியாது, அதை நானே சொல்லிடணும் என்று தோன்றியதாம். நான் கோபித்துக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை. நல்லவரைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் மேலாளரம்மா எல்லா வழிகாட்டிகளையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். தெரிந்தும் இவரோடு நடக்க யாராவது தயாரா, இல்லையென்றால் வாகன வேலைதான் என்றார். கோபஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையும் எழவில்லை. நான் கையைத் தூக்கினேன். பெண்டாட்டி என்பதால் தூக்காதே என்றார் மேலாளரம்மா. "இடப்பக்கம் நான் கேட்டுக்கறேன்மா. எனக்கு நல்லாக் கேக்குது" என்றேன்.

யோசித்தார். ஒரு மாதம் பார்க்கலாம், குறைந்த ஆட்களோடு மட்டும் என்றார். கூடவே வெட்டிய கட்டையைப் பற்றிக் கேட்டார். அதற்குத் திட்டு தனியாகக் கிடைத்தது, இங்கே எழுதப் போவதில்லை.

2 நவம்பர், ஞாயிறு

எந்தப் பக்கம் நிற்பது என்று விவாதம். இடது பக்கம் வந்துவிடுங்கள் என்றேன். மாட்டாராம். வலப்பக்கம் நின்றால் செவிட்டுக் காதுதான் துப்பாக்கிப் பக்கம் இருக்கும், நல்ல காது காட்டுப் பக்கம். "இந்தக் காதைத் துப்பாக்கிக்கே எழுதிக் குடுத்துட்டேன் மாந்த்லோவு. இனிமே அது கத்துனா இதுக்கு என்ன நஷ்டம்?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

கோபஸ் தன் துளைக்குழாயைக் கழற்றிவிட்டான் என்று மாமா சொன்னார். என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

முதல் மழைக்குப் பிறகு முதல் நடை. விருந்தினர் மூன்று பேர். காடு ஒரே வாரத்தில் பச்சையாகிவிட்டது, எல்லாம் கிட்டே வந்து நிற்பதுபோல் இருக்கிறது. மணல் கறுத்து, நேற்றைய தடம்கூட அச்சாகத் தெரிந்தது. ஸென்ஸோ அதைப் படித்துக்கொண்டே போனார், பழைய வேகத்தில்.

குளத்துக்கு இந்தப் பக்கம், இடது புறத்தில் சுள்ளி. மிக மெல்ல. என் விரல் அவர் முழங்கையைத் தொட்டது. முஷ்டி உயர்ந்தது. எல்லாரும் நின்றோம். எருமைகள், பத்துப் பன்னிரண்டு, முதுகு நனைந்து பளபளவென்று. எங்களைக் காணாமலே கடந்து போயின. ரைஃபிள் என் தோளுக்கு வரவேயில்லை.

திரும்பி வந்து வண்டிக்குப் பக்கத்தில் எல்லாரும் தண்ணீர் குடித்தோம். ஸென்ஸோ கால்சட்டையில் ஒட்டிய முள்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விருந்தினரில் வயதான அம்மா ஒருவர் அவருக்கு இடப்பக்கமாக வந்து நின்று, "எனக்கு ஒண்ணுமே கேக்கல. உங்களுக்கு எப்படித்தான் கேட்டுச்சோ. என்ன காதுப்பா உங்களுக்கு" என்றார், மனதார.

அவர் விதை பிடுங்கிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"ஆமாம்மா, அவருக்கு ரொம்ப நல்ல காது" என்று நான்தான் சொன்னேன்.